ஒரு ஆள் அகலம்

சக்கர நாற்காலியின் வலது சக்கரம் வீதி முனையில் நட்டிருந்த குட்டைத் தூணில் முட்டி நின்றது. பர்வதம் பின்னால் இழுத்து, கொஞ்சம் திருப்பி, மறுபடி தள்ளினாள். இந்தத் தடவை இடது சக்கரம் அடுத்த தூணில் முட்டியது. நாலு விரல் இடம் குறைந்தது. எதிரே சன்னதி வீதியும் அதன் கடைசியில் கோபுரமும் மாலை வெயிலில் கிடந்தன. நாற்காலியில் இருந்த சுந்தரேசன் கோபுரத்தைப் பார்க்கவில்லை. தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டு வாங்கிய தூண்கள் அவை. கோயிலைச் சுற்றியுள்ள பழைய வீதிகளை நடப்பவர்களுக்காகச் சீர்செய்யப் போவதாகப் போன வருஷம் கூட்டம் போட்டபோது, வீதி முனையில் தூண் நட்டே தீரவேண்டும் என்று ஒற்றை ஆளாக வாதாடி ஜெயித்தார். எவ்வளவு இடைவெளி விடுவது என்று கொத்தனார் கேட்டதும், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரான அவர் தானே போய் நடுவில் நின்றார். "என்னையே வெச்சு அளந்துக்கப்பா. ஒரு ஆளு போவணும், ஒரு பைக்கு போவக்கூடாது." வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தபோது மனைவி பர்வதம் விடவில்லை. "உங்க தொப்பைய வெச்சு அளந்தா பைக்கு என்னா, பஸ்ஸே போவும்."

அகலத்தைச் சரியாகத்தான் அளந்தார். உயரத்தை யாரும் யோசிக்கவில்லை. முழங்கால் உயரத் தூணுக்கு மேலே ஹேண்டில்பார் தாண்ட, நடுவில் வண்டியின் உடம்பு நுழைய, பைக்குகள் முதல் நாளிலிருந்தே போய்வந்துகொண்டிருந்தன. அவர் ஓய்ந்துபோகாமல் தூணை உயர்த்தச் சொல்லி அலைந்துகொண்டிருந்த ஆவணி மாதத்தில்தான் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தன. அதற்குப் பிறகு வாசலைத் தாண்டாதவர், இன்று மத்தியானம் தட்டை நகர்த்திவைத்துவிட்டு, குழறும் வாயால் "வீதிக்குப் போலாம்" என்றார். பர்வதத்துக்கு அந்த மூன்று மாதத்தில் கேட்ட நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அவசரமாக அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு அழைத்து வந்திருந்தாள். வீதிக்குள் போக மற்ற வழியெல்லாம் பஸ்ஸும் கரும்பு டிராக்டரும் திரும்பும் ரோடு; நாற்காலியைத் தள்ளிப்போக முடியாது.

முனையில் பீங்கான் பொம்மைக் கடை வைத்திருக்கும் கியாசுதீன் கையிலிருந்த வைக்கோலை உதறிவிட்டு ஓடி வந்தார்.

"வாங்க சார், பாத்து எம்புட்டு நாளாச்சு! இருங்க, ரெண்டு பேரக் கூப்புடுறேன். நாற்காலியோட தூக்கி அந்தாண்ட வெச்சுடலாம்."

சுந்தரேசன் வலது கையை உயர்த்தித் தடுத்தார். "நடக்குற வீதி பாய். பொணத்தத் தூக்குற மாதிரி தூக்காதீங்க."

கியாசுதீனின் முகம் சுருங்கிப்போனது. பர்வதம் அவரைத் தனியே பார்த்து, "ஒரு தூண எடுக்க முடியாதா பாய்?" என்றாள்.

"ஆபீஸ்ல கேட்டா திட்டம் முடிஞ்சுபோச்சும்பான். என்கிட்ட கடப்பாரை இருக்குதும்மா. சாரு சரின்னு சொல்லட்டும், எடுத்துடுறேன்."

இருவரும் சுந்தரேசனைப் பார்த்தார்கள். அப்போது ஒரு பைக் ஹாரன் அடித்துக்கொண்டே பக்கத்து இடைவெளியில் நுழைந்து போனது. அவர் அது போவதை வீதியின் பாதிவரை பார்த்தார்.

"வாணாம்," என்றார். "எடுத்தா ஆட்டோ வரும்."

"இப்ப மட்டும் என்னாங்க வாழுது?" பர்வதத்தின் குரல் உடைந்தது. "உங்கள விட அந்தத் தூணு பெருசா?"

அவள் நாற்காலியைத் திருப்பினாள். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் கியாசுதீன் போன் செய்தார். "நான் தொடலம்மா, சத்தியமா. விடியக்காலம் ஒரு லோடு ஆட்டோ இடிச்சு நடுத்தூணு பேந்து கிடக்குது. சார கூட்டிட்டு வாங்க."

பர்வதம் சொன்னதைக் கேட்டவர், வெயில் தாழ்ந்ததும் சட்டையைக் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினார். சாயந்திரம் வந்தார்கள். தூண் இருந்த இடத்தில் உடைந்த சிமெண்டும் வளைந்த கம்பியும் இருந்தன. புதிதாகக் கிடைத்த அந்த அகலத்தில், கோயிலுக்கு வந்தவர்கள் மூன்று நான்கு பைக்குகளை நெருக்கி நிறுத்தி, பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கியாசுதீன் ஒன்றை நகர்த்திப் பார்த்தார். அசையவில்லை.

"யாருய்யா வண்டி?" என்று கத்தினார். வீதியில் யாரும் திரும்பவில்லை.

பர்வதம் நாற்காலியை முதல் பைக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். சுந்தரேசன் வலது கையை நீட்டி, அதன் சீட்டில், தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல, மெதுவாக இரண்டு தடவை தட்டினார். பிறகு கையை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.