நெட்டையனின் புதுக் கூட்டாளிகள்

லிஃப்ட் பழுது பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் உச்சியில், மோட்டார் அறையில் நின்று பெட்டியை ஏற்றி இறக்குவான். இன்னொருவன் அடியில், குழிக்குள் நிற்பான். பதினாலு வருஷமாக உயரமானவனுக்கு உச்சி, குட்டையானவனுக்குக் குழி. கம்பெனியில் நெட்டையன், கட்டையன் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்தால் ஒரே பாட்டில், இரண்டு டம்ளர்.

நான்கு மாதமாக அந்தப் பாட்டிலைக் கட்டையன் ஒற்றை ஆளாகக் காலி செய்துகொண்டிருந்தான்.

நெட்டையன் குடியை விட்டதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். வேலைக்கு நடுவே நெட்டையனுக்கு ஃபோன் வரும். "சொல்லுங்கண்ணே" என்றபடி மாடிப்படிப் பக்கம் ஒதுங்குவான். அங்கிருந்து சிரிப்புக் கேட்கும். திரும்பி வரும்போது அந்தச் சிரிப்பைப் படியிலேயே விட்டுவிட்டு வந்திருப்பான். கட்டையன் முகத்தைப் பார்க்காமல் ஸ்பேனருக்குக் கை நீட்டுவான்.

"யாருடா அந்த அண்ணன்? உனக்குத்தான் கூடப் பொறந்தவன் எவனும் இல்லையே?"

"கூட்டத்துல பழக்கம்."

"எந்தக் கூட்டம்? எங்க?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு மாப்ள?"

எதற்கு என்று கட்டையனுக்கே விளங்கவில்லை. பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய்வீடு போனபோதுகூட அவனுக்கு இப்படித் தூக்கம் கெட்டதில்லை.

அவர்கள் பராமரிக்கும் ஆஸ்பத்திரி லிஃப்டில், பொத்தான்களுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. குடியை நிறுத்த நினைப்பவர்கள் அழைக்க வேண்டிய எண், கூட்டம் நடக்கும் இடம். கட்டையன் நூறு தடவை அதன்மேல் டார்ச்சைச் சாய்த்து வைத்து வேலை பார்த்திருக்கிறான். அன்றுதான் படித்தான், அழைத்தான்.

"உங்களுக்காகக் கேக்கிறீங்களா, வேற யாருக்காவதா?" என்றது வயதான ஒரு குரல்.

"வேற ஒருத்தனுக்கு."

"எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க. ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு வாங்க. அவரையும் கூட்டிட்டு வாங்க."

"அவன் ஏற்கெனவே அங்கதாங்க இருக்கான்" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

டியூஷன் சென்டர் ஒன்றின் மாடி அறை. கரும்பலகையில் பாதி அழிந்த பின்னக் கணக்கு. வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்துப் பன்னிரண்டு பேர். நெட்டையன் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான். கட்டையனின் கல்யாணத்துக்கே கசங்கிய சட்டையில் வந்தவன். நெட்டையனின் தோளில் கை போட்டுக்கொண்டு, சட்டைப் பையில் சீப்பும் கத்தரியும் தெரிய, ஒரு சலூன்காரர் உட்கார்ந்திருந்தார். இவர்தான் அந்த 'அண்ணே'யாக இருக்கவேண்டும். அந்தக் கையைத் தட்டிவிடலாமா என்றிருந்தது கட்டையனுக்கு.

அவனைப் பார்த்ததும் நெட்டையன் வெளிறிப்போனான். என்னைப் பார்த்து வெட்கப்படுகிறான் என்று எண்ணியபடி, கட்டையன் கதவோரம் உட்கார்ந்தான்.

"இன்னிக்கு நான் பேசல" என்றான் நெட்டையன்.

"பேசுப்பா. இறக்கி வை" என்றார் சலூன்காரர்.

நெட்டையன் தரையைப் பார்த்துப் பேசினான்.

"அன்னைக்கு மத்தியானமே குடிச்சிருந்தேன். என் கூட்டாளி கீழ குழிக்குள்ள. 'வெளிய வந்துட்டேன்'னு அவன் கத்துனது காதுல விழுந்த மாதிரி இருந்துச்சு. பெட்டியை அடி வரைக்கும் இறக்கிட்டேன். அப்புறந்தான் பொறி தட்டுச்சு, அவன் கத்தவே இல்லன்னு. பெட்டியை மேல ஏத்திட்டு, எட்டு மாடி ஓடி வந்தேன். அவன் வெளிய நின்னு சிகரெட் பிடிச்சிட்டிருந்தான். தப்பிச்சோம்னு நெனச்சேன். ஆனா அதுக்கப்புறம் அவன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு ஒரு மடக்கு உள்ள எறங்கல. இன்னும் அவன்கிட்ட சொல்லல."

அவன் சொல்லச் சொல்ல, அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவராகச் சலூன்காரர் தலையாட்டினார். எதிரே இருந்தவரும் ஆட்டினார். அந்த அறையே இதைப் பலமுறை கேட்டிருக்கிறது.

கட்டையனுக்குக் காது சுட்டது. என் உயிர் போகவிருந்த கதை. ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது. முடிவெட்டுகிறவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அவனுக்குப் பாதிதான் தெரியும்" என்று எழுந்து நின்றான்.

"குறுக்க பேசக்கூடாதுங்க" என்றார் சலூன்காரர்.

"என் கதைங்க இது. உங்களைவிட எனக்கு நல்லாவே தெரியும்." ஜெயித்த குரலில் ஆரம்பித்தான். "நான் வெளிய நிக்கல. உள்ளதான் இருந்தேன். குழியில ஒரு சுவிட்ச் இருக்கு, எறங்குன உடனே அதை அமுக்கணும். அமுக்கியிருந்தா மேல இவன் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் பெட்டி நகராது. நான் அமுக்கல. போதையில மல்லாந்து தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா மூஞ்சிக்கு மேல ஒரு சாண் தள்ளி பெட்டி. நின்னுட்டிருந்தா அவ்வளவுதான். அது மேல போனதும் ஏறி வந்து சிகரெட்டைப் பத்த வெச்சேன். சுவிட்சை மறந்தேன்னு சொன்னா வேலை போயிடும். அதான் யார்..."

'யார்கிட்டயும்' என்ற சொல் பாதியில் நின்றது. ஜெயித்த குரலும் எங்கோ நழுவியிருந்தது.

கீழே தெருவில் ஒரு வண்டி கிளம்ப மறுத்து மறுத்து, கடைசியில் கிளம்பிப் போனது. நெட்டையன் நான்கு மாதத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தான்.

"உள்ளயா இருந்த?" என்றான், மூச்சுக்கும் கேட்காத குரலில்.

கட்டையன் தலையை மட்டும் அசைத்தான். நெட்டையன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். சலூன்காரர் அவன் முதுகைத் தடவினார். தடவ வேண்டியவன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான்.

"அடுத்த ஞாயிறும் வர்றீங்களா?" ஃபோனில் கேட்ட அதே குரல், கரும்பலகைக்குப் பக்கத்திலிருந்து.

கட்டையன் மோவாயால் சலூன்காரரைக் காட்டினான்.

"இவர் வருவாரா?"

"ஒரு வாரம்கூடத் தவற மாட்டார்."

"அப்ப நானும் வந்துதான் ஆகணும்."