பரிசு: ஒரு பீப்பாய் பெட்ரோல்

வெர்னா டூச்சோ அந்த அறிவிப்பைக் கடை வாசலில் ஒட்டிவிட்டு அலுவலகத்துக்குத் திரும்புவதற்குள், செய்தி அவளுக்கு முன்னால், பனி சூழ்ந்த வடகோடி ஊரான ஃபோர்ட் பேசிலைச் சுற்றி வந்துவிட்டது.

"மூன்று மணிக்குச் சமூகக் கூடத்தில் கூட்டம். பேச்சு: காற்றாலை. கடைசிவரை இருப்பவர்களுக்குக் குலுக்கல். பரிசு: ஒரு பீப்பாய் பெட்ரோல்."

எல்லோரும் படித்தது கடைசி வரியைத்தான். காற்றாலைக்காகத் தலைநகர அதிகாரிகள் ஏற்கெனவே ஆறு முறை விமானத்தில் வந்து ஆறு முறை கருத்துக் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஆறு முறையும் ஊர் ஒரே பதிலைச் சொன்னது: "வேணும், சீக்கிரம் குடுங்க." ஏழாவது தடவை அதையே சொல்ல யாருக்குக் கால் வரும்?

ஊர் நிர்வாக அதிகாரியான வெர்னாவுக்குத்தான் வேறு வழியில்லை. ஊரின் டீசல் மின்நிலையத்தில் இருக்கும் இயந்திரம் அவள் பிறப்பதற்கு முன்பே வந்தது. குளிரில் அது படுத்தால் வீடுகள் உறையும். வெயில் வந்தபின் படுத்தால் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்த மீனும் மூஸ் மான் இறைச்சியும் இளகி நாறும். புது டீசல் இயந்திரம் கேட்டால், "டீசலைக் கைவிடுவதே நம் கொள்கை" என்றது சுற்றுச்சூழல் துறை. சரி, காற்றாலை கொடுங்கள் என்றால், "அப்புறம் டீசல் நிலையத்துக்கு வருமானம்?" என்றது நிதித்துறை. இரண்டுக்கும் நடுவில் எரிசக்தித் துறை சம்மணம் போட்டு உட்கார்ந்து கருத்துக் கேட்டுக்கொண்டே இருந்தது.

இந்த முறை ஒரு நிபந்தனை வேறு. ஊரில் ஓட்டுள்ளவர்களில் பாதிப் பேராவது வந்து கை தூக்க வேண்டும். அந்த அறிக்கை இன்று ஐந்து மணிக்குள் தலைநகருக்குப் போக வேண்டும். போகாவிட்டால் இந்த வருஷப் பட்ஜெட்டில் காற்றாலை கிடையாது. அடுத்த வருஷம் தேர்தல். புதுச் சபை, புது அமைச்சர்கள், மறுபடி முதல் கூட்டத்திலிருந்து ஆரம்பம்.

அதனால்தான், ஊர் அலுவலகக் கிடங்கில் மிஞ்சியிருந்த அந்த ஒரு பீப்பாய் பெட்ரோல். வாத்து வேட்டைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. உறைந்த ஏரிமேல் போடுகிற பனிச்சாலையோ இந்த வருஷம் முன்கூட்டியே இளகிவிட, கடைசி எண்ணெய் லாரி வராமலே போயிற்று. ஊரில் பெட்ரோல் பங்கீடு. எல்லா வீட்டுப் பனிவண்டியும் தொட்டி வறண்டு வாசலில் நின்றது.

மூன்று மணிக்குக் கூடத்தில் நிற்க இடமில்லை. வெர்னா முதல் முறையாக மூச்சு விட்டாள். அப்போதுதான் எரிசக்தித் துறை இயக்குநர் ஹார்ட்லி, மேடை ஓரத்துச் சிவப்புப் பீப்பாயைப் பார்த்தார். இளைஞர். காலணியில் பனி ஒட்டக்கூட இல்லை.

"மேடம், இது என்ன?"

"பரிசு சார்."

"சுத்த எரிசக்திக் கூட்டத்துக்குப் பெட்ரோல் பரிசா?"

"பின்ன, காத்தைப் புடிச்சுப் பொட்டலம் கட்டித் தரவா சார்?"

"நான் அறிக்கை எழுதணும் மேடம். கொள்கைன்னு ஒண்ணு இருக்கே. பரிசு நானே கொண்டு வந்திருக்கேன்." கூடவே கொண்டுவந்த அட்டைப்பெட்டியைத் திறந்தார். துறைச் சின்னம் போட்ட தண்ணீர் பாட்டில்கள்.

முன்வரிசையில் இருந்த டால்ஃபஸ் ஒன்றைக் கையில் எடுத்தார். வெர்னாவின் தாய்மாமன், எந்தக் கூட்டத்திலும் முதலில் எதிர்த்துப் பேசுகிற ஆள். மூடியைத் திருகி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"காலியா இருக்கே தம்பி. தண்ணியும் நாங்களே ஊத்திக்கணுமாக்கும்?"

கூடம் சிரித்தது. ஹார்ட்லி சிரிக்கவில்லை. ஒலிபெருக்கியைப் பிடித்து, பெட்ரோல் குலுக்கல் ரத்து என்று அறிவித்தார். அடுத்த நொடி நாற்காலிகள் கிறீச்சிட்டன. கூட்டம் வாசலைப் பார்த்து நகர்ந்தது.

"உட்காருங்க!" வெர்னா தொண்டை கிழியக் கத்தினாள். "ஒரு கை தூக்குறதுக்கு இவ்வளவு பிகுவா?"

"ஆறு வாட்டி தூக்கின கையே இன்னும் வலிக்குதும்மா," என்றார் டால்ஃபஸ். "இந்தத் தம்பிக்கு வந்து போக விமானம் உண்டு, படி உண்டு. எங்களுக்குக் காலி பாட்டிலு."

"மாமா, நீங்களாவது சும்மா இருங்க."

"நான் எப்படி சும்மா இருந்திருக்கேன், இன்னிக்கு இருக்க?"

இவரை அடக்குவதா, இயக்குநரைச் சமாளிப்பதா, வாசலில் முண்டுகிற கூட்டத்தைப் பிடித்து இழுப்பதா? வெர்னாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த நேரத்தில் விளக்கு அணைந்தது.

சமையலறைக் குளிர்பெட்டியின் உறுமல் நின்றது. சுவரில் ஓடிக்கொண்டிருந்த ஹார்ட்லியின் வண்ணப்படம் மறைந்தது. ஜன்னல் இல்லாத கூடத்தில் யாரோ அலுப்போடு, "படுத்துடுச்சு," என்றார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆளாளுக்குத் தங்கள் வீட்டு மீன் பெட்டிதான் ஞாபகம் வந்தது.

பக்கக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். பனி வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. வெர்னா மேடையில் ஏறினாள். ஒலிபெருக்கி இல்லை, தேவையும் படவில்லை.

"இப்ப சொல்லுங்க. காத்தாலை வேணுமா, வேணாமா?"

கைகள் எழுந்தன. கதவருகே ஒரு காலை வெளியே வைத்திருந்தவர்களும் தூக்கினார்கள். டால்ஃபஸ் பாட்டிலைப் பிடித்த கையையே தூக்கினார். ஹார்ட்லி ஒருமுறை எண்ணி, நம்பாமல் மறுமுறை எண்ணினார். பாதிக்கு மேல் தாராளமாக இருந்தது. மடிக்கணினியைத் திறந்து மடமடவென்று அறிக்கையைத் தட்டினார். முடிக்கும்போது மணி நாலரை.

அனுப்பத்தான் முடியவில்லை. மின்சாரம் இல்லாமல் கூரைமேல் இருந்த இணையத் தட்டு செத்துக் கிடந்தது.

"ஜெனரேட்டர் எதுவும் இல்லையா மேடம்?"

"சின்னது ஒண்ணு இருக்கு. பெட்ரோல்ல ஓடுது. தொட்டி காலி."

"பங்க்ல கொஞ்சம் வாங்கிட்டு வந்தா?"

"பங்க்ல பம்பே கரண்ட்லதான் சார் ஓடுது."

கூடமே ஒன்றாகத் திரும்பிச் சிவப்புப் பீப்பாயைப் பார்த்தது. கடைசியாக ஹார்ட்லியும் பார்த்தார்.

"அதுலேர்ந்து... கொஞ்சம் எடுத்துக்கலாமா?"

"கொள்கை சார்?" என்றாள் வெர்னா. காலையிலிருந்து அவள் வாய்க்கு இனிப்பாக இருந்தது அந்த ஒரு சொல்தான்.

"அவரைக் கேட்டு என்ன, உன்னைக் கேட்டு என்ன?" டால்ஃபஸ் குறுக்கே வந்தார். "அது பரிசு. குலுக்கு. யாருக்கு விழுதோ அவங்களைக் கேளு."

"மாமா, மணி ஆகுது!"

"அப்ப வேகமா குலுக்கு."

வந்தவர்கள் பெயர் எழுதிய சீட்டுகளை வெர்னா காபி டின்னில் போட்டுக் குலுக்கினாள். குலுக்கல் கூடாது என்ற ஹார்ட்லியே உள்ளே கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. பிரித்துப் படித்தார்: "டால்ஃபஸ் பாட்டோன்."

ஊளை, சீழ்க்கை, சிரிப்பு. "மாமனும் மருமகளும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். டால்ஃபஸ் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"தரேன் தம்பி. ஆனா நான் சொல்றதை அறிக்கையில அப்படியே எழுதணும். 'எட்டாவது கூட்டத்துக்கு வராதீங்க. வந்தா காத்தாலையோட வாங்க.' எழுதியாச்சா?"

"எழுதிட்டேன்."

"இன்னொண்ணு. 'எடுத்த பெட்ரோலுக்குப் பெட்ரோல் திருப்பித் தரப்படும்.' காசு வேணாம். காசை வண்டியில ஊத்த முடியாது."

ஹார்ட்லி அதையும் எழுதினார். கைப்பம்பில் இருபது லிட்டர் கேனை நிரப்பி வந்தார்கள். ஜெனரேட்டர் நாலு இழுப்புக்கு இருமி, ஐந்தாவதில் பிடித்தது. சுத்த எரிசக்தி அறிக்கை பெட்ரோல் புகைக்கு நடுவே, ஐந்து மணி அடிப்பதற்குள் தலைநகருக்குப் பறந்தது.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஃபோர்ட் பேசில் காற்றாலை, பதினாறு மில்லியன் டாலர், பட்ஜெட்டில் நிறைவேறியது. வெர்னா இரண்டு முறை படித்தாள். எழுந்து நின்றாள். யாரிடமாவது கத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குள் இரண்டாவது கடிதம் வந்து விழுந்தது. சுத்த எரிசக்தித் திட்டத்தின் கீழ் பெட்ரோல் வாங்க இடமில்லை. கூட்டத்தில் பெட்ரோல் எரித்தது ஏன் என்று விளக்கம் தரவும். உதவியவருக்கு நன்றியுடன் இரண்டு தண்ணீர் பாட்டில்கள் அனுப்பப்படும்.

வாசலில் நிழல் தட்டியது. தினமும் வருகிற டால்ஃபஸ்தான், தினமும் கொண்டு வருகிற காலிக் கேனோடு.

"காத்தாலை வந்துடுச்சாமே?"

"ஆமா மாமா. பட்ஜெட்ல போட்டுட்டாங்க."

"நல்லதாச்சு. என் பெட்ரோல்?"

"பதினாறு மில்லியன் குடுத்துட்டாங்க மாமா. இருபது லிட்டர் குடுக்க மாட்டாங்களாம்." கடிதத்தைக் காட்டினாள். "பாட்டில் வருதாம், ரெண்டு."

"முதல்ல வந்ததுலயே துப்பாக்கி எண்ணெயை ஊத்தி வெச்சிருக்கேன். இன்னும் ரெண்டை வெச்சு நான் என்ன பண்ண?"

"உங்க வீட்டுலதான் பீப்பாய் நிறையப் பெட்ரோல் இருக்குல்ல!"

"இருக்கு. அது பரிசு. இது கடன்."

வெர்னா ஒரு ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். பேசி என்ன ஆகப்போகிறது? அலுவலகத்தின் பின்னால், நாளை வேட்டைக்குப் போகச் சாமான் கட்டித் தயாராக அவளுடைய பனிவண்டி நின்றது. மாதம் முழுக்கச் சேர்த்த பங்கீட்டுப் பெட்ரோல் அதில் இருந்தது. தொட்டியில் குழாயை விட்டு, உறிஞ்சி, வாய்க்கு வந்ததைத் துப்பிவிட்டு, கேனில் இறக்கினாள்.

டால்ஃபஸ் குனிந்து கேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஒரு விரக்கடை கொறையுதேம்மா."

தலைக்கு மேல், இந்த வருஷத்தின் முதல் வாத்துக் கூட்டம் கத்திக்கொண்டே ஏரிப் பக்கம் போனது. வெர்னா அதை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். மறுபடி குழாயை வாயில் வைத்தாள்.