தானாகப் பெருக்கும் தட்டு

...இப்படித் திரும்பினால் நின்றுகொண்டு வருகிறவர்கள் எல்லாம் உட்கார்ந்திருப்பவர் மடியில்தான் போய் விழுவார்கள், நான் மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் ஓட்டிய காலத்தில் இப்படி ஒரு திருப்பம் போட்டிருந்தால் டிப்போவில் கூப்பிட்டு வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பார்கள், தரை பெருக்குகிற இந்த இயந்திரத் தட்டை யார் கேட்பது, நேராகப் போய் நாற்காலிக் காலில் முட்டுகிறது, நின்று யோசிக்கிறது, பின்னால் வருகிறது, சரி புத்தி வந்துவிட்டது என்று பார்த்தால் மறுபடியும் அதே காலில் போய் முட்டுகிறது... பாவம். எனக்கு என்னவோ அதைப் பிடித்துவிட்டது. கடைக்காரர்கள் தரையில் ஒரு துண்டுக் கம்பளத்தை விரித்து, அதன்மேல் சூரியகாந்தி விதைத் தோலைத் தூவி, மூன்று இயந்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டுக் காட்டுகிறார்கள், நின்று பார்க்கிறவர்கள் பாதிப் பேர் வாங்க வந்தவர்கள் இல்லை, வெளியே பனி உருகிச் சேறாகக் கிடக்கிறது, உள்ளே கதகதப்பாக இருக்கிறது, அதனால் நிற்கிறார்கள். என் மருமகள் சிர்கா மட்டும் பரீட்சை எழுத வந்தவள் மாதிரி நிற்கிறாள். கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, அந்தத் தட்டு எந்தத் தோலை விட்டுவிட்டுப் போகிறது என்று குனிந்து குனிந்து பார்க்கிறாள். கல்யாணத்துக்குத் துணி எடுக்கும்போதுகூட இவள் இவ்வளவு நேரம் நிற்கவில்லையே, கிடைத்ததை எடுத்தாள், போதும் அபா, அழகாத்தானே இருக்கு என்றாள், அபா என்றால் எங்கள் பேச்சில் அம்மா, இன்றைக்கு என்ன வந்தது இவளுக்கு?

வாங்கச் சொன்னவன் உர்மத், என் மகன். ரஷ்யாவின் வடகோடியில், யாகுட்ஸ்கில் சரக்கு வண்டி ஓட்டுகிறான், குளிர்காலத்தில் அங்கே எஞ்சினை அணைப்பதே இல்லையாம், அணைத்தால் வசந்தத்தில்தான் எழுப்ப முடியும் என்று சிரிப்பான். போன வாரம் போனில் முகத்தைக் காட்டிக்கொண்டு, "அபா, ஊர்ல எல்லார் வீட்லயும் ரோபோ வந்தாச்சு, நீங்க இன்னும் துடைப்பத்தக் கட்டிக்கிட்டு அழறீங்களே" என்றான். "நான் எங்கடா அழறேன், பெருக்கறது உன் பொண்டாட்டி, நான் சோபால காலத் தூக்கி வச்சுக்கிட்டு டீ குடிக்கறேன்" என்றேன். அவன் சிரித்தான். பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சிர்கா சிரிக்கவில்லை. இப்போது யோசித்தால் தெரிகிறது, அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு அது மனதில் நிற்கவில்லை, தண்ணீர்ச் சத்தத்தில் காதில் விழவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

இவள் பெருக்குவதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதலாம். நாரின் ஊருக்கு மேலே ஒரு மலைக் கிராமத்துப் பெண், புது மருமகள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து முற்றம் பெருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், வந்து சேர்ந்தது நான்காவது மாடியில் ஒரு ஃபிளாட், இங்கே முற்றத்துக்கு எங்கே போவது? முதல் நாள் காலையில் நான் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம், துடைப்பத்தையும் காணோம். ஓடிவிட்டாளோ என்று நினைத்தேன், ஆனால் ஓடுகிறவள் துடைப்பத்தை ஏன் எடுத்துக்கொண்டு போகிறாள்... கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால், நான்கு மாடிப் படிக்கட்டையும் பெருக்கி முடித்து, கீழே தெருக்கதவுக்கு வெளியே நின்று பெருக்கிக்கொண்டிருக்கிறாள், தலையில் எங்கள் வழக்கப்படி புதுப்பெண் போடுகிற வெள்ளை முக்காடு. இரண்டாம் மாடி ராயா அவளை நகராட்சி அனுப்பிய ஆள் என்று நினைத்து, "ஏம்மா, எங்க மாடில பல்பு போய் ஒரு மாசமாச்சு, மேல சொல்லு" என்று அதிகாரம் செய்திருக்கிறாள். இவளும் "சொல்றேங்க" என்று தலையாட்டியிருக்கிறாள்! மேலே வந்து மெதுவாக என்னிடம், "அபா, ரெண்டாவது மாடில பல்பு போயிருச்சாம், யார்கிட்ட சொல்லணும்?" என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் உர்மத் எழுந்து ஓடிவந்தான். அன்றைக்கே சொல்லிவிட்டேன், பொண்ணே, இங்க முற்றம் கிடையாது, நீ தூங்கு, நல்லாத் தூங்கு என்று. கேட்டால்தானே. படிக்கட்டை விட்டாள், வீட்டை விடவில்லை. உர்மத் வடக்கே போன பிறகு இன்னும் சீக்கிரம் எழ ஆரம்பித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சர்ர்... சர்ர்... என்று கேட்கும், நான் கண்ணைத் திறக்காமலே, சரி, இன்றைக்கும் பொழுது விடிந்தது என்று புரண்டு படுத்துக்கொள்வேன்.

விற்பனைக்காரர் இல்கிஸ் நல்ல மனிதர், தொப்பைக்கு எட்டாத டை, என்னை அக்கா அக்கா என்று கூப்பிட்டே விலை உயர்ந்ததன் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறார். "அக்கா, இத வீட்டுக்குக் கொண்டுபோனா ரெண்டாவது மருமக வந்த மாதிரி. சொன்ன வேலையச் செய்யும், எதிர்த்து ஒரு வார்த்த பேசாது." கூட்டத்தில் இரண்டு மூன்று ஆண்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "எதிர்த்துப் பேசாத மருமக எனக்கெதுக்கு தம்பி, அப்புறம் எனக்குப் பொழுது எப்படிப் போகும்?" என்றேன். சிர்கா என் கையைப் பிடித்து இழுத்து, "அபா, பேசாம இருங்க" என்றாள், "பாத்தீங்களா, இதுதான் வேணும்" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், கை மட்டும் என் கையை விடவில்லை. சில்லென்று இருந்தது அந்தக் கை. உள்ளே இவ்வளவு கதகதப்பாக இருக்கிறதே, எதற்கு இப்படிச் சில்லிட்டுப் போயிருக்கிறாள்?

மூன்று இயந்திரம். முதலாவது என் முட்டாள் தட்டு, முட்டி முட்டி வழி கண்டுபிடிக்கிறது. இரண்டாவது கொஞ்சம் படித்தது. மூன்றாவது கறுப்பு, அதற்கென்று சுவரோரம் ஒரு கோபுரம், ஓடி முடித்ததும் தானாகவே அந்த டிப்போவுக்குப் போய்ப் பின்பக்கமாக நிறுத்திக்கொண்டு, வயிற்றில் உள்ள குப்பையைக் கோபுரத்துக்குள் கொட்டிவிடுகிறது, பின்பக்கமாக நிறுத்துவதில் என்னைவிடக் கெட்டிக்காரி. சிர்கா அதன் முன்னால்தான் நிற்கிறாள். கேள்வி கேட்கிறாள். குப்பைப் பையை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மாற்றக் குனிய வேண்டுமா, அபாவுக்கு முதுகு வளையாது. சோபாவுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்யும், கத்துமா, சத்தமாகக் கத்துமா, அபா டிவி வைத்திருந்தால் கேட்குமா? நம் மொழியில் பேசுமா, ரஷ்ய மொழியில் மட்டும்தானா? இல்கிஸ் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தவர், பொறுப்பாக, "ஒண்ணே ஒண்ணு, நூல், நீளமான முடி, இது ரெண்டும் பிரஷ்ல சுத்திக்கும், அத அப்பப்ப வெட்டி எடுத்துரணும்" என்றார். "அது பரவால்ல" என்றாள் சிர்கா, அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

பரவாயில்லையா? நூலா பரவாயில்லை? என் வீட்டில் நூலைத் தவிர வேறென்ன குப்பை இருக்கிறது! இவள் தையல் கூடத்திலிருந்து மூட்டை மூட்டையாகத் துணியைக் கொண்டுவந்து ஜன்னலோரம் உட்கார்ந்து தைக்கிறாள், சிவப்பு நூல், நீல நூல், கம்பளத்தில், என் சாக்ஸில், ஒரு தடவை என் சூப்பில்கூடக் கிடந்தது, இடுப்புவரை தொங்குகிற இவள் முடி குளியலறைக் குழாயை அடைக்காத மாதம் கிடையாது. இருப்பது நாங்கள் இரண்டு பேர். ஒருத்தி தைக்கிறவள், முடி நீளமானவள். இன்னொருத்தி நான், தலையில் இருப்பதை எண்ணிவிடலாம். நூலும் முடியும் பரவாயில்லை என்றால்... கோபுரத்தைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். குனிய வேண்டுமா, அபா டிவி வைத்திருந்தால் கேட்குமா... கேட்ட கேள்வியில் ஒன்றில்கூட இவள் இல்லையே. இவள் வாங்கிக்கொண்டிருப்பது இவள் இல்லாத ஒரு வீட்டுக்கு. டிராலிபஸ்ஸில் மேலே கம்பியிலிருந்து வண்டியின் கொம்பு நழுவினால் ஒரு நொடி ஒன்றும் தெரியாது, வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், விளக்கு அணைந்த பிறகுதான் தெரியும் மின்சாரம் எப்போதோ போய்விட்டதென்று. அப்படித்தான் நின்றேன்.

அவளோ இல்கிஸிடம், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போன்ல இருந்து ஓட்டலாம்னீங்களே, அது வீட்டுக்குள்ள இருந்தா மட்டும்தானா... இல்ல, வேற ஊர்ல இருந்தாலுமா?" என்று கேட்கிறாள். "இணையம் இருந்தாப் போதும் தங்கச்சி, நிலாவுல இருந்துகூட ஓட்டலாம்." "நிலா வேணாம் தம்பி" என்றேன் நான், என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது, "யாகுட்ஸ்க்ல இணையம் நல்லாவே இருக்கு. என் மகன் தெனமும் பேசறானே."

சிர்காவின் காது முதலில் சிவந்தது, பிறகு கழுத்து. இல்கிஸ் ஒன்றும் புரியாமல் ஒரு துணியை எடுத்துக் கோபுரத்தைத் துடைக்க ஆரம்பித்தார். "டிக்கெட் எடுக்கல அபா" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "சத்தியமா எடுக்கல. அங்க ஒரு தையக்கடைல ஆள் கேட்டிருக்காங்களாம். அவர் சொல்லிக்கிட்டே இருக்காரு. நான்தான் அபாவ எப்படி விட்டுட்டு வர்றதுன்னு... முதல்ல இத வாங்கி வச்சுட்டு, நீங்க பழகினதுக்கு அப்புறம் சொல்லலாம்னு... நீங்க வேணாம்னா நான் போகல." அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் உண்மையாகவே சொன்னாள், அதுதான் என்னை வதைத்தது. பொய்க்குச் சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பேன், நிம்மதியாக இருந்திருக்கும். வேணாம். எவ்வளவு சின்ன வார்த்தை, சொல்லலாம், சொன்னால் இவள் நாளைக் காலையிலும் எழுந்து பெருக்குவாள், மறுநாளும், என் மகன் அங்கே எஞ்சினை அணைக்காமல் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்பான். இரண்டு குளிர்காலம் போய்விட்டது அவர்களுக்கு. இளசுகள். போனுக்குள் இருக்கிற முகத்தோடு எத்தனை நாள் குடும்பம் நடத்துவது? இதை நான் யோசிக்காதவளா, ராயாவிடம் நானேதான் சொன்னேன், இதெல்லாம் ஒரு வாழ்க்கையா என்று, ஆனால் அப்படிச் சொன்னபோது மனதுக்குள் உர்மத்தான் இங்கே திரும்பி வந்துகொண்டிருந்தான், இவள் அங்கே போகவில்லை.

"அங்கத்துக் குளிருக்கு இந்தக் கோட்டு தாங்குமா?" என்றுதான் கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள், மூக்கு நுனி சிவந்து, ஐந்து வயதுப் பிள்ளை மாதிரி. "தாங்காது அபா" என்றாள். "அப்புறம் என்ன, மொதல்ல கோட்டு வாங்கியிருக்கணும், தட்டு வாங்க வந்துட்ட" என்றேன். அவள் அந்த இடத்திலேயே, விதைத் தோலுக்கு நடுவில், என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். முட்டாள் தட்டு வந்து என் பூட்ஸில் முட்டியது, பின்வாங்கியது, மறுபடியும் முட்டியது. எனக்கு அதைத்தான் வாங்க ஆசை, சொல்லவும் சொன்னேன், அது என்னை மாதிரி, கண்ணு தெரியாம வழி தேடுது என்று. அவள் கேட்கவில்லை, "அது நாள் பூரா ஓடினாலும் பாதி வீடுகூடப் பெருக்காது, உங்க காலத் தட்டிவிட்டு விழவச்சுரும்" என்று சண்டைக்கு நின்றாள், எதிர்த்துப் பேசுகிற மருமகள். கறுப்பையே எடுத்தோம். பணம் கட்டும்போதுதான் நான் அதைச் சொன்னேன். "சரி, கோபுரத்தையே எடு. ஆனா ஒண்ணு, போன்ல இத ஓட்டறது உன்கிட்டயே இருக்கட்டும். அங்க எழுந்ததும் நீ ஒரு தடவை அழுத்திவிடு. இங்க இது ஓடினா, நீ எழுந்துட்டன்னு நான் தெரிஞ்சுக்கறேன்." அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "தெனமும் அழுத்தறேன் அபா, ஒரு நாள்கூட விடமாட்டேன்" என்றாள். பக்கத்தில் நின்ற பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார், எனக்கே என் பேச்சு நன்றாக இருந்தது.

இப்போது பஸ்ஸில் வருகிறோம், பெட்டி எங்கள் முழங்கால்களுக்கு முன்னால் நிற்கிறது, ஓட்டுகிறவன் கிளச்சைக் கொல்கிறான், சொன்னால் சண்டை வரும். சிர்கா போனில் உர்மத்துக்கு ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள், எழுதி எழுதிச் சிரிக்கிறாள், இந்தச் சிரிப்பை நான் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது. அங்கே நமக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே எழுந்துவிடுவார்களே, அப்படியென்றால் இருட்டோடு இருட்டாக இது என் அறையில் ஓடப்போகிறது, நான் திடுக்கிட்டு எழுவேன்... எழுந்தால் என்ன. ஆனால் அவள்? புருஷன் பக்கத்தில் படுத்திருப்பான், வெளியே மூச்சே உறைகிற குளிர், இன்னும் கொஞ்சம் தூங்கலாம் என்று இருக்கும், அப்போது இவள் கையை நீட்டிப் போனைத் தேடுவாள், அபாவின் வீடு பெருக்க வேண்டும் என்று. முதல் நாளே தூங்கு பொண்ணே என்று சொன்னவள் நான்தானே. இப்போது எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியும் துடைப்பத்தை அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேனா? பாசத்தில் சொன்னேனா, மாமியாராகச் சொன்னேனா... சொல்லும்போது இனித்ததே, அது எதனால் இனித்தது? வேண்டாம் கண்ணு, நீ தூங்கு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இப்போதே சொல்லிவிடலாம், வாயைத் திறக்கவும் திறந்தேன். அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது, இல்கிஸ் பெட்டியில் வைப்பதற்கு முன்னால் கடைசியாகக் காட்டினார், அதன் தலையில் ஒரு பொத்தான் இருக்கிறது, போனே வேண்டாம், குனியவும் வேண்டாம், கால் கட்டைவிரலால் அழுத்தினால் போதும், ஓடும். நான் பார்த்தேன். பக்கத்தில் நின்று அவளும்தான் பார்த்தாள். கடையிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், அவளும் அந்தப் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே, காலையில் அங்கிருந்து அழுத்துவது அவளுக்கும் வேண்டியிருக்கிறதோ...