கஸ்பாருக்கு ஒரு டிரில்

1986-ஆம் ஆண்டு, ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு ஈப்போ புந்தோங் வீட்டின் முன்கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். சன்னலோர மேசையில் கடிதத்தாளை விரித்தபடி பியாட்ரிஸ். சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தும் உட்காராமலும் அவள் கணவர் சூசைநாதன். பிரம்பு நாற்காலியில், மடியில் இரண்டு டிரில்களோடு இரும்புச் சாமான் கடை நஜ்முதீன். சமையலறை வாசலில் முக்காலி போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டு, சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருந்த நாத்தனார் ரோசம்மா. தலைக்கு மேலே காத்தாடி சுற்றியது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

டிரில் பியாட்ரிஸின் தம்பி கஸ்பாருக்கு. லூமுட்டில் வீடு வீடாகப் போய்த் திரைச்சீலைக் கம்பியும் அலமாரியும் மாட்டிக்கொடுத்துப் பிழைப்பவன். சில மாதங்களுக்கு முன் ஈரத்தரையில் கிடந்த டிரில் வயரில் தோல் உரிந்திருந்ததைக் கவனிக்காமல் விட்டான். கரண்டு அவனை ஏணியிலிருந்து தூக்கி எறிந்தது. கை சரியாகிவிட்டது, மனசு சரியாகவில்லை. மெஷினைப் பார்த்தாலே வேர்த்துக் கொட்டுகிறது. அவன் மனைவி ஐவி துணி தைத்துத்தான் அடுப்பு எரிகிறது.

“வயர் இல்லாத டிரில் வந்திருக்காமே. ஷாக் அடிக்காதுன்னு நீ உன் கைப்பட எழுதுக்கா, தொடுறேன். இல்லாட்டி எனக்கு இந்தத் தொழிலே வேணாம்” என்று எழுதியிருந்தான்.

நஜ்முதீனின் லோரி அன்று மாலை லூமுட் போகிறது. டிரில்லும் கடிதமும் அதில் போயாக வேண்டும். பியாட்ரிஸ் தெரியாததை எழுதுகிறவள் அல்ல. ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“சின்னதுக்கும் பெருசுக்கும் என்ன வித்தியாசம், தம்பி?”

“சின்னது கைக்கு அடக்கம்க்கா. பலகைக்குச் சரி, செங்கல்லுன்னா மூச்சு வாங்கும். பெருசு கனந்தான். ஆனா ரெண்டு பேட்டரி வருது, கழட்டி மாத்தலாம். ஒண்ணு சார்ஜ் ஏறுற நேரம் இன்னொண்ணு வேலை செய்யும்லா.”

“அவன் சுவத்துல வேலை பாக்குறவன். அப்ப பெருசுதான்.” எழுதிக்கொண்டாள்.

“வயரே இல்லாம சுத்துதுன்னா அது மெஷினு இல்ல, பேயி,” என்றாள் ரோசம்மா. “சாமியாரக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிச்சு அனுப்புங்க.”

“இந்தப் பேய்க்கு ஆறு மாசம் கேரண்டி இருக்குக்கா!”

பியாட்ரிஸ் சிரிக்கவில்லை. “ஷாக் அடிக்குமா?”

“எங்கேருந்து அடிக்கும்? வயரே இல்லையே!”

நியாயமாகத்தான் பட்டது. ‘வயர் இல்லாததால் ஷாக் அடிக்காது’ என்று எழுதினாள். மை காய்வதற்குள் சூசைநாதன் எழுந்தார்.

“எழுதினா ஆச்சா? ஓட்டிப் பாக்க வேணாமா? திரு இருதயப் படம் எத்தன நாளாத் தரையில நிக்குது!”

பெரிய டிரில்லை எடுத்தார். விளக்குச் சுவிட்சுக்கு நேர் மேலே ஓர் இடம் பார்த்து, இடது கையால் டிரில்லின் முன்பக்க இரும்புக் கூட்டைப் பிடித்து, வலது கையால் விசையை அழுத்தினார். செங்கல் தூள் பொலபொலவென்று கொட்டியது.

“பாத்தியா, எப்படி எறங்குதுன்னு…”

படார்! சுவரில் நீலமாக ஒரு வெட்டு. சூசைநாதன் பின்னால் தெறித்துச் சோபாவில் விழுந்தார்.

“அலாமாக்!” நஜ்முதீன் நாற்காலியோடு பின்வாங்கினார். “ஏசுவே!” என்று ரோசம்மா எழுந்ததில் வெங்காயங்கள் கூடமெங்கும் உருண்டன.

ரேடியோப் பாட்டு பாதியில் அறுந்திருந்தது. ஐஸ்பெட்டியின் முனகல் ஓய்ந்தது. காத்தாடி தள்ளாடித் தள்ளாடி நின்றது. அந்த அமைதியில் டிரில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பயத்தில் இறுகிப்போன விரல் விசையை விடவில்லை.

“என்னங்க! என்னங்க!” விரலைப் பிரித்தெடுத்தாள். உள்ளங்கை கறுத்திருந்தது.

“இருக்கேன்லா… இருக்கேன்.”

“டேய் சூசை, ஷாக் அடிக்காதுன்னு அவ எழுதிப்புட்டாடா. ஒனக்கு எப்படிடா அடிக்கும்?” என்று கேட்ட ரோசம்மாவின் கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயத்தால் அல்ல.

நஜ்முதீன் சுவரிலிருந்த ஓட்டையை எட்டிப் பார்த்தார். “டிரில்லுல தப்பு இல்லக்கா. சுவத்துக்குள்ள போற வயரு… நான் அத நெனைக்கவே இல்ல. கடையில பலகையிலதான ஓட்டிக் காட்டுறேன்!”

பியாட்ரிஸ் மேசைக்குத் திரும்பினாள். ‘ஷாக் அடிக்காது.’ அவள் கையெழுத்துதான். இதை நம்பி எந்த வீட்டுச் சுவரிலோ கஸ்பார் கை வைத்திருப்பான். ஐவிக்குத் தாலி நிலைத்திருக்குமா? அந்த வரியை அடித்துவிட்டாலோ, அவன் இனி எந்த மெஷினையும் தொடமாட்டான்.

நின்றுபோன காத்தாடியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு டிரில்லை எடுத்து விசையை அழுத்தினாள். சுற்றியது.

“தம்பி, வீட்டுல இப்பக் கரண்டு இருக்கா?”

“ஃபியூஸ் போயிருச்சேக்கா. எங்கயும் இல்ல.”

“இது மட்டும் ஓடுதே. அப்ப மெயின் சுவிட்ச அணைச்சுட்டே வேலை பாக்கலாம்ல? வயர் வச்ச டிரில்லுல அது முடியுமா?”

நஜ்முதீன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “இத்தன டிரில் வித்தேன், ஒருத்தர்கிட்டயும் இதச் சொன்னதில்லக்கா.”

அளவுகோல் வைத்து அந்த வரியை அடித்தாள், படிக்கிற மாதிரியே. கீழே எழுதினாள்:

‘அடித்திருக்கும் வரியை நம்பாதே. அக்கா தெரியாமல் எழுதியது. இன்று உன் மச்சானுக்கு ஷாக் அடித்தது, கடவுள் புண்ணியத்தில் பிழைத்தார். டிரில்லில் வயர் இல்லை, சுவருக்குள் இருக்கிறது. சுவிட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் ஓட்டை போடாதே. முந்தின நாளே இரண்டு பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்று. போன வீட்டில் முதலில் மெயின் சுவிட்சை அணை. சுற்றுகிற காத்தாடி நிற்கிறதா என்று பார். நின்ற பிறகும் இது ஓடும். அதற்காகத்தான் இதை எடுத்தோம். பயம் இருக்கட்டும். வேலைக்குப் போ.’

“என் கதையும் எழுதணுமா?” என்றார் சூசைநாதன், கையில் எண்ணெய் தடவிக்கொண்டே.

“எழுதினாத்தான் மிச்சத்த நம்புவான்.”

சோற்றுப் பருக்கையை நசுக்கி உறையை ஒட்டினாள். நஜ்முதீன் அதை டிரில் பெட்டியைக் கட்டிய கயிற்றுக்குள் செருகி, லோரிக்கு எடுத்துப் போனார்.