கீழ்த்தளத்தில் ஏறிய தண்ணீர்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து மோட்டார் அறைக்குள் மழைத்தண்ணீர் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. கனத்த இரும்பு அலமாரி சரிந்து, மோட்டார் மெக்கானிக்குக்கு உதவ வந்திருந்த அவர் மச்சினனைக் கீழே தள்ளி, அவன் காலை நசுக்கிப் பிடித்திருந்தது. மெக்கானிக் தோள் கொடுத்து முட்டிப் பார்த்தார். அது அசைந்து கொடுக்கவில்லை. ஆள் கூட்டிவரப் போன காவலாளியையும் காணவில்லை. விளக்கு விட்டு விட்டு எரிந்து அணைந்துபோனது.

"அத்தான், ஜெபம் பண்ணுங்க."

மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்ததிலிருந்து மெக்கானிக் கோயில் வாசல்படியை மிதித்ததில்லை.

"யாருகிட்ட? என் புள்ளைக்காகத் தொண்டை கிழியக் கத்தினேனே, காது குடுத்தாரா?"

"அதையே கேளுங்க. திட்டியாவது பேசுங்க அத்தான். எனக்குப் பயமா இருக்கு."

உட்கார்ந்த நிலையில் கிடந்த மச்சினனின் நெஞ்சுவரை தண்ணீர் வந்துவிட்டது. அவன் தலையைத் தாங்கிக்கொண்டு, மெக்கானிக் இருட்டைப் பார்த்துத் திட்டத் தொடங்கினார்.

"இயேசுவே, உனக்கென்ன கல்நெஞ்சமா? அவளத்தான் எடுத்துக்கிட்டே. இவனையும் கேக்குறியா?"

மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். இல்லாத ஒருவர்மேல் இத்தனை கோபம் வராது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"எங்க கூடவே இரும், ஆண்டவரே" என்றார்.

தண்ணீர் மச்சினனின் தாடையைத் தொட்டபோது, மேலே தானாகப் பூட்டிக்கொண்டிருந்த கதவைக் காவலாளி ஆட்களோடு உடைக்கும் சத்தம் கேட்டது.

மச்சினன் பிழைத்தான், கால் பிழைக்கவில்லை. அவன் கண் விழிக்கும்வரை மெக்கானிக் கட்டிலருகே ஜெபித்துக்கொண்டிருந்தார். மகளைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. அவரும் கேட்பதை நிறுத்தவில்லை.