பிறந்த வீட்டுக் கோடி

கொரோனாவுக்காக ஊரடங்கு போட்ட நாலாம் நாள் காலை ஒன்பது மணிக்கு என் தங்கை அங்காளம்மா இறந்துபோனாள். பெருங்களத்தூரில் அவள் வீடு, செம்பாக்கத்தில் என் வீடு. மற்ற நாளாக இருந்தால் கேம்ப் ரோடு நெரிசலை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்திருப்பேன். அன்றைக்கு ரோட்டில் ஈ காக்கை கிடையாது. கால் மணி போதும்.

போன் செய்தது அவள் மகன் தினகரன்.

"மாமா... அம்மா பூட்ச்சி மாமா."

"இன்னாடா சொல்ற?"

"விடிகாலைலேர்ந்தே மூச்சு வுட முடியல. ஆட்டோ எதுவும் கிடைக்கல. பக்கத்து வூட்டு காரை எடுத்துகினு போறதுக்குள்ள..."

அழுதான். நானும் அழுதேன். ஆனால், மூச்சு என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குள் வேறொன்றும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. அங்காளுக்கு ஏழு வயதிலிருந்தே வீசிங். மழைக்காலம் வந்தால் இழுத்துக்கொள்ளும். அவளை முதுகில் தூக்கிக்கொண்டு தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஓடியவனே நான்தான். எல்லாம் தெரிந்தும் நான் கேட்ட கேள்வி, "காய்ச்சல் இருந்துதாடா?" என்பதுதான்.

"இல்ல மாமா. எப்பவும் இருக்கிற இருமல்தான்" என்றான்.

எனக்கு வயது அறுபத்தொன்று. சர்க்கரை வந்து பதினாறு வருஷம் ஆகிறது. டிவியில் பொழுது விடிந்து பொழுது போனால் அறுபது தாண்டியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொன்னுரங்கம் என்று என் பெயரைச் சொல்லாததுதான் பாக்கி. பால் பாக்கெட்டை சோப்பு போட்டுக் கழுவினேன். மாடியில் குடியிருக்கும் மெர்வின் படியிறங்கினால் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அந்தப் பையன் என்ன பாவம் செய்தானோ, என்னைப் பார்த்தாலே மன்னிப்புக் கேட்டான்.

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் இறந்துபோனால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை போக வேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுபோய் உடம்பின்மேல் போர்த்த வேண்டும். அதற்கப்புறம்தான் தூக்குவார்கள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. அங்காளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருத்தன்தான்.

ஜவுளிக் கடை எல்லாம் மூடிக் கிடந்தது. என் மனைவி கீதா பீரோவைத் திறந்து, பங்குனி உத்திரத்துக்குக் கட்டவென்று எடுத்துவைத்திருந்த அரக்குப் புடவையை வெளியே எடுத்தாள். இன்னும் மடிப்புக்கூடப் பிரிக்கவில்லை.

"கிளம்புங்க, நானும் வரேன்."

"ரெண்டு பேரா போனா மறிப்பாங்க. நான் போய் போர்த்திட்டு வந்துடறேன்" என்றேன். அதைச் சொல்லும்போது போகத்தான் நினைத்தேன். இன்றுவரைக்கும் அப்படித்தான் நம்புகிறேன்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் வரைக்கும் போனேன். மூடியிருந்த டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினேன். அந்த வீட்டுக் கூடம் கண்முன்னால் வந்தது. குறுகலான கூடம். நடுவில் அவள், சுற்றிலும் அழுகிறவர்கள், போனதும் என்னைக் கட்டிக்கொள்வார்கள். துக்க வீட்டில் யாரைத் தள்ளி நில் என்று சொல்ல முடியும்? இருபது நிமிஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தினகரனுக்குப் போன் போட்டேன்.

"இரும்புலியூர் பாலத்துக்கிட்ட போலீஸ் மறிச்சிட்டாங்கடா. திருப்பி அனுப்பிட்டாங்க."

உடனே போனை வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கீதாவிடமும் அதையேதான் சொன்னேன். அவள் புடவையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். என் தங்கைக்காகவும் எனக்காகவும் சேர்த்து அழுதாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு கேட்டுக்கு வெளியே பைக் சத்தம். தினகரன். முகத்தில் கைக்குட்டை கட்டியிருந்தான். கண்கள் வீங்கிக் கிடந்தன. பெற்ற தாயைக் கிடத்திவிட்டு வந்திருக்கிறான்.

"கோடி இல்லாம அம்மாவ எப்டி மாமா தூக்கறது? அதான் நானே வந்துட்டேன்."

கீதா கேட்டைத் திறக்க ஓடினாள்.

"தள்ளி நில்லுடீ!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் அது அவன் காதிலும் விழுந்திருக்கும் என்று உறைத்தது. அவன் தானாகவே இரண்டு எட்டு பின்னால் போனான்.

"எப்டிப்பா வந்த? மாமாவ பாலத்துக்கிட்ட மறிச்சாங்களே" என்றாள் கீதா.

"இல்லியே அத்தை, வழில ஒருத்தரும்..." என்று ஆரம்பித்தவன் என்னைப் பார்த்தான். நிறுத்திக்கொண்டான். பிறகு மெதுவாக, "இப்போ யாரும் இல்ல மாமா. என் பின்னாடி உக்காருங்க. நீங்க போர்த்துனா அம்மாவுக்கு நிம்மதி. உடனே கொண்டாந்து வுட்டுடறேன்" என்றான்.

அவன் குரலில் குற்றம் சொல்லும் எண்ணம் துளியும் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டு, ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். கேட்டுக்கும் பைக்குக்கும் நடுவே ஆறடி இருக்கும். காலையிலிருந்து அவளைத் தூக்கி இறக்கியவன் இவன்தானே என்று அந்த நேரத்திலும் என் புத்தி கணக்குப் பார்த்தது. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

"சுகர் ஏறிகீதுடா, தலை சுத்துது" என்றேன்.

கீதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். புடவையைக் காம்பவுண்டு சுவர்மேல் வைத்துவிட்டு நான் உள்ளே தள்ளி வந்தேன். அவன் எடுத்துக்கொண்டான்.

"சரி மாமா. உடம்பப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

சாயங்காலம் அங்காளின் புருஷன் குமரவேல் கூப்பிட்டார். எடுக்கக் கை வரவில்லை. கீதாதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"எல்லாம் முடிஞ்சிட்ச்சி மச்சான். மாரடைப்புன்னு டாக்டர் சொன்னாரு. நீங்க குடுத்தனுப்புன கோடிய பையன்தான் போர்த்துனான். மாமா குடுத்தாரும்மான்னு சொல்லித்தான் போர்த்துனான்."

அவர் மூக்கைச் சிந்திவிட்டுத் தொடர்ந்தார்.

"நீங்க மனசு வுட்டுடாதீங்க மச்சான். என் தங்கச்சி மூஞ்சிய ஒரு தடவ பாத்துக்கறேன்னு போலீஸ்காரன் கால்லயே வுழுந்தீங்களாமே. பையன் எல்லார்கிட்டயும் சொல்லி அழுதான். இதுக்கு மேல ஒரு அண்ணன் இன்னா பண்ண முடியும்?"

கீதா போனை என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

காலில் விழுந்தேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பது மட்டும்தான் என்னுடைய பொய். மீதியை என் தங்கை மகன், தாயைக் கிடத்தி வைத்துக்கொண்டு, எனக்காகச் சொல்லியிருக்கிறான்.