ஓவன் எடுத்துக்கொண்ட அரை மில்லி

ரப்பர் பட்டறையில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். அச்சு வரைபவள். நாற்காலியில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தண்ணீர் வடிகட்டிக்கான சிலிகான் வளையத்துக்கு அவள்தான் அச்சு வரைந்தாள். குறுக்களவு எண்பது மில்லிமீட்டர். கூடவோ குறையவோ கால் மில்லி வரை போகலாம். அச்சில் வெந்து ஆறும்போது சிலிகான் சுருங்கும் என்பதால், நூற்றுக்கு இரண்டரை கூட்டி, எஃகில் எண்பத்திரண்டுக்குச் சற்று மேலே வெட்டச் சொல்லியிருந்தாள்.

முதல் வளையங்கள் அச்சிலிருந்து வந்ததும் பொறுக்கமாட்டாமல் அளந்தாள். எண்பது! கால் தரையில் பாவவில்லை. முதலாளியிடம் ஓடினாள். அவர் உடனே வாடிக்கையாளருக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமை மாதிரிகள் வந்துவிடும் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை தரம் பார்க்கும் அறையிலிருந்து கூப்பிட்டாள் அவள் நாத்தனார். வீட்டில் கணவனின் தங்கை. இங்கே அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு துண்டு ரப்பர்கூட வெளியே போகாது.

"அண்ணி, இதைக் கொஞ்சம் பாருங்க."

கவ்விப் பிடிக்கும் வெர்னியர் அளவுகோலை வைத்தால் ரப்பர் நசுங்கும் என்று, ஒளியில் நிழலை விழவைத்து அளக்கும் கருவி அது. எழுபத்தொன்பதரை காட்டியது.

"நேத்து எண்பது இருந்துச்சே! உன் மெஷின் ஒழுங்கா இருக்கா?"

"ரெண்டு தடவை சரிபார்த்துட்டேன். நேத்து நீங்க அளந்தது ஓவனுக்கு முன்னாடி. இது நாலு மணி நேரம் ஓவன்ல இருந்துட்டு வந்தது."

அவள் தன் அளவு நோட்டைப் புரட்டினாள். குடிதண்ணீர் படும் பொருள். மிச்சமிருக்கும் வாடையும் ஆவியும் போகட்டும் என்று இருநூறு டிகிரியில் வைப்பார்கள். அதில் வளையம் இன்னும் கொஞ்சம் இளைக்கும். அந்த இளைப்பை அவள் சேர்க்கவே இல்லை. நோட்டிலிருந்த இரண்டரை, ஓவனுக்கே போகாத பழைய உருப்படிகளுக்கானது.

முதலாளி வந்து, வளையத்தை இழுத்து வடிகட்டியின் பள்ளத்தில் மாட்டினார். உட்கார்ந்துவிட்டது.

"ரப்பர்தானேம்மா, இழுத்தா வருது. கையெழுத்தைப் போடு."

"மாட்டேன் சார். இழுபட்டு உட்காந்தது எத்தனை நாள் அப்படியே இருக்கும்?" என்றாள் நாத்தனார்.

அவர் பம்பரத்தின் பக்கம் திரும்பினார். "உன் நாத்தனார்தானே? வீட்ல பேசி முடிச்சுட்டு வா."

அன்று மாலை வீட்டில் அவள் ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தாள். "என்ன, ரெண்டு பேரும் கண்ணாலயே பேசிக்கிறீங்க?" என்றான் கணவன். அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். நாத்தனார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு கையெழுத்துதானே…"

நாத்தனார் திரும்பவில்லை. "உங்க அளவுல தப்பில்லன்னு எழுதிக் குடுங்க அண்ணி. அடுத்த நிமிஷம் போடறேன்."

தாளும் பேனாவும் மேசைமேல்தான் இருந்தன. அவளால் எழுத முடியவில்லை.

காலையில் முதலாளி உட்காருவதற்குள் சொல்லிவிட்டாள். "தப்பு என்னோடது சார். ஓவனை மறந்துட்டேன்."

"அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை போகாதுன்னு சும்மாவா சொன்னாங்க!" என்று கத்தினார். போனை யார் அவசரமாகப் போட்டது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

கடைசல்காரர் அச்சைப் புரட்டிப் பார்த்தார். "வெளி வட்டத்தைக் குடைஞ்சு பெருசாக்கிடலாம். வளையத்தோட ஓட்டைக்காக நடுவுல நிக்கிற குண்டு புதுசாத்தான் போடணும். வெட்டின இரும்பை ஒட்டவா முடியும்? மூணு நாள் ஆகும்."

இம்முறை அவள் ஊகிக்கவில்லை. ஓவனின் ஒவ்வொரு தட்டிலிருந்தும் பழைய வளையங்களை எடுத்து அளந்தாள். மொத்தச் சுருக்கம் நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேலே வந்தது. அதைக் கொண்டு புது அளவு எழுதிக் கொடுத்தாள்.

புது வளையங்கள் ஓவனுக்குள் போன நாலு மணி நேரமும் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "செக்கு மாடுகூட நடுவுல நிக்கும்மா," என்றார் காவலாளி. வெளியே எடுத்தபிறகும் நாத்தனார் தொடவிடவில்லை. "ஆறட்டும் அண்ணி."

ஆறியது. எண்பதுக்கு இம்மியளவு குறைவு. நாத்தனார் கையெழுத்துப் போட்டாள். சொன்ன வெள்ளிக்கு ஒரு வாரம் கழித்துப் போன மாதிரிகளை வாடிக்கையாளர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அடுத்த வாரமே சரி என்று தகவல் வந்தது.

தகவல் வந்த மாலை இருவரும் சேர்ந்து கிளம்பினார்கள்.

"இன்னைக்கு ஓவன்லேர்ந்து வந்ததுல தடிமன் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எல்லாத் தட்டுலேர்ந்தும்?"

"எல்லாத்துலேர்ந்தும். வாங்க, பஸ் போயிடும்."

இரண்டடி நடந்தவள் நின்றாள். "ஒரே ஒரு தடவை நான் போய் அளந்துட்டு…"

நாத்தனார் அவள் முழங்கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப் போனாள்.